வீட்டிலேயே ஒரு குட்டிப் பசுமைக்குடில்: காய்கறி நாற்று வளர்க்க முழுமையான வழிகாட்டி

புதிதாக நாற்று போட்டவர்கள் பலர், சாய்ந்து கிடக்கும் நாற்றுகளையோ ஒன்றுமே முளைக்காத தட்டையோ காட்டி, "விதை சரியில்லை போல" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் விதையில் குறை இருக்காது. மூடிய பெட்டியை வெயிலில் வைத்திருப்பார்கள், அல்லது மூடியைத் திறக்க வேண்டிய நாளில் திறக்காமல் விட்டிருப்பார்கள்.

பெட்டி செய்வது அரை மணி நேர வேலை. அதை எப்போது மூடி வைப்பது, எப்போது திறப்பது என்பதில்தான் நாற்றின் உயிர் இருக்கிறது. அதனால் கீழே மூடியைப் பற்றிய படிகளுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அவற்றை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

## 1. நடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பெட்டியைத் தேடுவதற்கு முன் காலண்டரை எடுங்கள். நாற்றைத் தோட்டத்திலோ பெரிய தொட்டியிலோ நடப்போகும் நாளை முதலில் முடிவு செய்யுங்கள். அங்கிருந்து பின்னால் எண்ணினால் விதைக்கும் நாள் கிடைக்கும். தக்காளிக்கு 4 முதல் 5 வாரம், கத்தரிக்கு 5 வாரம், மிளகாய்க்கும் குடைமிளகாய்க்கும் 6 வாரம், முட்டைக்கோஸுக்கும் காலிஃபிளவருக்கும் 4 வாரம் வைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த இடமாக இருந்தால் ஒன்றிரண்டு வாரம் கூடும். உறைபனி விழும் ஊரில் இருப்பவர்கள் அது முழுதாக ஓய்ந்த பிறகு வரும் நாளையே நடும் நாளாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆசையில் முன்கூட்டியே விதைத்துவிடுவது ஒரு பெரிய தவறு. சின்னக் கப்பில் இரண்டரை மாதம் நின்ற தக்காளியின் வேர் சுருண்டுவிடும். கப்பிலேயே பூவெடுத்து, நட்ட பிறகும் மிரண்டு நிற்கும். 5 வார நாற்று சீக்கிரமே அதைத் தாண்டிப் போய்விடும்.

எல்லாக் காய்க்கும் நாற்று தேவையில்லை. கேரட்டும் முள்ளங்கியும் இடம் மாற்றினால் கிழங்கு கோணிப்போகும். பீன்ஸும் வெண்டையும் நேரடியாக மண்ணில் போட்டாலே நன்றாக வரும். வெள்ளரி, பூசணி, பாகல் போன்ற கொடிகளின் வேர் தொந்தரவைத் தாங்காது. அவற்றுக்கு நாற்று வேண்டுமென்றால் தனித்தனிக் கப்பில் போட்டு 2 அல்லது 3 வாரத்துக்குள் நட்டுவிடுங்கள்.

ஒரு பெட்டிக்கு ஒரு பயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸ் ஐந்தாம் நாளே முளைத்து, காற்று வேண்டும் என்று நிற்கும். அதே பெட்டியில் இருக்கும் மிளகாய்க்கு இன்னும் ஒரு வாரம் மூடி தேவைப்படும். ஒரே மூடியால் இரண்டையும் காப்பாற்ற முடியாது.

## 2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

மூடியோடு கூடிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. அடியில் ஓட்டை போட்ட கப்புகள் அல்லது குழித்தட்டு. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), மண்புழு உரம், பெர்லைட் என்னும் லேசான வெள்ளைத் துகள் (கிடைக்காவிட்டால் கழுவிய ஆற்றுமணல்). கையால் அழுத்தும் ஸ்பிரேயர், கப்புகளைத் தண்ணீரில் வைக்க ஒரு தாம்பாளம், பென்சில், பழைய பிளாஸ்டிக் டப்பாவில் வெட்டிய பட்டைகள்.

இவற்றோடு ஒரு சின்னத் தெர்மாமீட்டரும் வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியில் நிற்கும் நாம் உணர முடியாது.

## 3. பெட்டி: தலைகீழாகக் கவிழ்த்துப் பயன்படுத்துங்கள்

பெட்டி குறைந்தது 25 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும். கப்பின் உயரம் போக, நாற்று வளர அரை அடி இடமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

பெட்டியை நிமிர்த்தி வைத்து உள்ளே கப்புகளை அடுக்குவதைவிட, மூடியைக் கீழே தட்டாக வைத்து அதன் மேல் கப்புகளை அடுக்கி, பெட்டியைக் கவிழ்த்து மூடுங்கள். நான் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன். கவிழ்த்த பெட்டிதான் கூண்டு. அதைத் தூக்கினால் நாற்று முழுவதும் கைக்கு எட்டும். ஒளி எல்லாப் பக்கமும் விழும். பக்கங்களில் படியும் நீர் வழிந்து தட்டுக்குப் போய்விடும்.

கவிழ்த்த பெட்டியின் மேல்பகுதியில் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டிரண்டு ஓட்டை, சுண்டுவிரல் அகலத்துக்குப் போடுங்கள். ஆணியைச் சூடாக்கிக் குத்தினால் பிளாஸ்டிக் விரிசல் விடாது. புகை வரும், அதனால் திறந்த வெளியில் செய்யுங்கள். ஓட்டைகளை இப்போதைக்கு டேப் ஒட்டி மூடிவிடுங்கள். பிறகு திறக்கப்போகும் முதல் ஜன்னல் இவைதான்.

பெட்டி கிடைக்காவிட்டால் பெரிய தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி ஒரு கப்பின் மேல் கவிழ்க்கலாம். மேலே உள்ள திருகுமூடியைக் கழற்றினால் காற்று வழி தயார். அட்டைப்பெட்டியின் மேல் பாலித்தீன் விரிப்பதானால், கம்பியை வில் போல வளைத்துத் தாங்கல் கொடுங்கள். ஈரமான தாள் இலை மேல் ஒட்டிக்கொண்டால் அந்த இலை அழுகிவிடும்.

கப்பு பற்றி ஒரு வார்த்தை. முட்டை அட்டையில் விதைக்கப் பலரும் விரும்புகிறார்கள். அதன் குழி ஆழம் குறைவு. அட்டை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு சீக்கிரம் காய்ந்துவிடும். நான் பரிந்துரைக்க மாட்டேன். 6 முதல் 8 சென்டிமீட்டர் ஆழமுள்ள எந்தப் பிளாஸ்டிக் கப்பும் இதைவிட நல்லது. அடியில் நாலைந்து ஓட்டை இருந்தால் போதும்.

## 4. விதைக்கும் கலவை

தோட்டத்து மண்ணை மட்டும் கப்பில் நிரப்பாதீர்கள். நாலு முறை தண்ணீர் பட்டதும் இறுகிவிடும். பூஞ்சணமும் களை விதையும் அதோடு சேர்ந்து வரும். வெளியில் காற்றும் வெயிலும் அடக்கி வைத்திருக்கும் பூஞ்சணத்துக்கு மூடிய பெட்டி சொர்க்கம்.

2 பங்கு கோகோபீட், 1 பங்கு சலித்த மண்புழு உரம், 1 பங்கு பெர்லைட் அல்லது மணல். கோகோபீட் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பெர்லைட் வேருக்குக் காற்று விடும், மண்புழு உரம் முதல் சில வாரங்களுக்குச் சத்து தரும். உரத்தை இதற்கு மேல் கூட்ட வேண்டாம். முளைக்கும் விதைக்குத் தேவையான உணவு அதற்குள்ளேயே இருக்கிறது, அதிக உரம் இளம் வேரைக் கருக்கும்.

கோகோபீட் கட்டியில் உப்பு இருக்கலாம். ஊற வைத்து, துணியில் வடிகட்டிப் பிழிந்து, புதுத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள்.

கலவையைக் கப்பில் போடுவதற்கு முன்பே ஈரமாக்குங்கள். காய்ந்த கோகோபீட் தண்ணீரை ஏற்காமல் மிதக்கும். விதைத்த பிறகு மேலிருந்து ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போகும். எவ்வளவு ஈரம் என்று கேட்டால், ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. கையைத் திறந்ததும் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். தண்ணீர் ஒழுகினால் இன்னும் கொஞ்சம் காய்ந்த கோகோபீட் சேர்த்துவிடுங்கள்.

## 5. விதையைச் சோதித்துப் பாருங்கள்

பழைய விதையாக இருந்தால் இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். 10 விதையை ஈரமான டிஷ்யூ தாளில் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். 8க்கு மேல் முளைத்தால் கவலையில்லை. பாதி முளைத்தால் கப்புக்கு மூன்று விதையாகப் போடுங்கள். இரண்டு மூன்றுதான் முளைக்கிறது என்றால் புது விதை வாங்குவதே நல்லது. மிளகாய் மெதுவாக முளைக்கும், அதனால் சோதனையை விதைக்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள்.

மிளகாய், கத்தரி விதைகளை முதல் நாள் இரவு ஊற வைத்தால் சற்று முந்தி முளைக்கும். 12 மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம், மூச்சு முட்டிவிடும். சிவப்பு, பச்சை என்று சாயம் பூசிய விதைகளில் பூஞ்சணக்கொல்லி இருக்கும். அவற்றை ஊற வைக்காதீர்கள், வெறும் கையால் தொடாதீர்கள்.

சாயம் பூசாத விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சணம்) தூள் கொடுக்கலாம். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்கு. வீட்டுப் பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகையே அதிகம். ஈரமான விதையில் தூவிப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதையுங்கள்.

## 6. விதைத்தல்

கப்பை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை நிரப்பி, மேசையில் இரண்டு தட்டு தட்டுங்கள். கட்டைவிரலால் அழுத்த வேண்டாம், இறுகிப்போகும். பாதிக் கப்பு மட்டும் நிரப்புவதும் தவறு. கப்பின் சுவர் நாற்றுக்கு நிழல் போடும், தண்டைச் சுற்றிக் காற்றும் ஓடாது.

விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம். தக்காளி, மிளகாய், கத்தரிக்கு அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் போதும். ஆழமாகப் போனால் மேலே வருவதற்குள் விதையில் இருக்கும் சத்து தீர்ந்துவிடும். லெட்யூஸ் போன்ற பொடி விதை முளைக்க ஒளி வேண்டும். அதை மேலே தூவி லேசாக அழுத்திவிட்டாலே போதும்.

கப்புக்கு இரண்டு விதை. இரண்டும் முளைத்தால் மெலிந்ததைக் கத்தரிக்கோலால் அடியோடு வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் கூடவே வரும்.

பெயரையும் தேதியையும் பட்டையில் பென்சிலால் எழுதிச் செருகுங்கள். மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும். மிளகாய் நாற்றும் குடைமிளகாய் நாற்றும் பார்க்க ஒன்றுபோல இருக்கும்.

## 7. மூடி வைக்கும் நாட்கள்

ஸ்பிரேயரால் மேற்பரப்பை நனைத்து, கூண்டைக் கவிழ்த்து, வெளிச்சம் இருக்கும் ஆனால் நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

நேர் வெயில் ஏன் கூடாது என்று ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். காலை 10 மணி வெயிலில் காலிப் பெட்டியை மூடி, உள்ளே தெர்மாமீட்டரை வைத்தேன். கால் மணி நேரத்துக்குள் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது. வெளியில் அப்போது 31 டிகிரிதான். உள்ளே வரும் வெயில் கலவையைச் சூடாக்குகிறது, சூடான காற்று வெளியே போக வழியில்லை. ஈரத்தில் ஊறி முளைவிடத் தொடங்கிய விதைக்கு அது வெந்நீரில் போட்டது போலத்தான்.

தக்காளி 20 முதல் 30 டிகிரிக்குள் 5 முதல் 10 நாளில் முளைக்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் 25 முதல் 30 டிகிரி பிடிக்கும். 7 முதல் 14 நாள் ஆகும், மிளகாய் சில சமயம் மூன்று வாரம்கூட எடுக்கும். முட்டைக்கோஸ் குடும்பம் 4 முதல் 7 நாள். குளிர் இடத்தில் ஃபிரிட்ஜின் மேல்பக்கம் போல லேசாகச் சூடு இருக்கும் இடத்தைத் தேடுங்கள். முளைக்கும் வரை பெரும்பாலான காய்களுக்கு ஒளியைவிடச் சூடு முக்கியம். வெப்பமான ஊரில் நிலைமை தலைகீழ். மதியம் உள்ளே 35 டிகிரியைத் தாண்டினால் டேப்பை எடுத்துவிடுங்கள், அல்லது இன்னும் குளிர்ந்த நிழலுக்கு மாற்றுங்கள்.

காலையும் மாலையும் கூண்டின் உட்புறத்தைப் பாருங்கள். மெல்லிய பனிப்படலம் போல இருந்தால் ஈரம் சரி. பெரிய சொட்டுகள் திரண்டு ஓடினால் ஈரம் அதிகம். கூண்டைத் தூக்கித் துடைத்துவிட்டு, அரை மணி நேரம் திறந்து வையுங்கள். ஒன்றுமே படியவில்லை என்றால் ஸ்பிரே செய்யுங்கள். நிலைமை சரியாக இருந்தாலும் தினமும் 5 நிமிடம் திறந்து காற்றை மாற்றுவது நல்லது.

முளைத்ததா என்று விரலால் தோண்டிப் பார்க்காதீர்கள். வெளிவரும் வேர்நுனி ஒரு தொடுதலில் ஒடியும்.

## 8. மூடியைத் திறக்கும் நாள்

பாதிக் கப்புகளில் முளை தெரிந்த அன்றே திறக்கும் வேலை தொடங்க வேண்டும். மீதிப் பாதியும் வரட்டும் என்று காத்திருப்பதில்தான் முளைத்த பாதியை இழக்கிறோம்.

அதே அடைப்பு, அதே ஈரம், முளைக்கும் வரை நன்மை செய்தது. முளைத்த பிறகு அதுவே நாற்றழுகலை வளர்க்கிறது. பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நோய்க்கிருமிகள் தண்டு கலவையைத் தொடும் இடத்தைத் தாக்கும். குனிந்து பார்த்தால், அந்த இடம் தண்ணீர் கோத்தது போலக் கருத்து, தையல் நூல் அளவுக்கு மெலிந்திருக்கும். மேலே விதையிலைகள் இன்னும் பச்சையாகவே இருக்கும். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் படுத்துக் கிடக்கும். சாய்ந்ததைக் காப்பாற்ற வழியில்லை. அந்தக் கப்பை உடனே வெளியே எடுத்துவிட்டு, மற்றவற்றுக்குக் காற்று விட்டு மேற்பரப்பைக் காயவிடுங்கள்.

ஒரேயடியாகத் திறந்தாலும் சிக்கல்தான். ஈரக் காற்றில் பிறந்த இலை வறண்ட காற்றில் வதங்கும். நான் செய்யும் வரிசை இது: முதல் நாள் டேப்பை எடுத்து ஓட்டைகளைத் திறப்பேன். இரண்டாம் நாள் கூண்டின் ஒரு விளிம்புக்கு அடியில் பென்சில் தடிமனுள்ள குச்சி. மூன்றாம் நாள் நாலு விரல் உயரம். நான்காம் நாள் பகல் முழுவதும் திறப்பு. அப்புறம் கூண்டு குளிர் இரவுக்கும் பெருமழைக்கும் மட்டும். நடுவில் இலை தொங்கினால் ஒரு படி பின்னால் போய் மறுநாள் தொடருங்கள்.

விதைத்தோல் தொப்பி போல இலையில் மாட்டியிருந்தால் இழுக்காதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஊறவிட்டால் பெரும்பாலும் தானே கழன்றுவிடும்.

## 9. வெளிச்சம்

முளைத்த நாளிலிருந்து ஒளி வேண்டும். ஒளி போதாவிட்டால் நாற்று அதைத் தேடி நீளும். தண்டு வெளிறி, மெலிந்து, இலைகளுக்கு நடுவே இடைவெளி கூடிவிடும். அப்படி நெட்டையான நாற்றை உரம் கொடுத்துத் தேற்ற முடியாது.

வெளியில் வைப்பதானால் முதல் நாள் ஒரு மணி நேரம் காலை இளவெயில், பிறகு தினமும் ஒரு மணி நேரம் கூட்டி 4 மணி நேரம் வரை. கூண்டு திறந்திருந்தால் மட்டும். ஜன்னலோரம் என்றால் தினமும் தட்டைத் திருப்புங்கள். ஒளி குறைந்த வீட்டில் வெள்ளை எல்இடி டியூப் ஒன்றை இலைக்கு மேல் ஒரு சாணுக்குள் தொங்கவிட்டு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடலாம். அறை நடுவில் மேலே எரியும் விளக்கு நாற்றுக்குப் போதாது.

தினமும் உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை இரண்டு மூன்று முறை மெல்ல வருடுங்கள். காற்று ஆட்டுவது போல உணர்ந்து தண்டு குட்டையாக, தடிப்பாக வளரும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. மிளகாய் நாற்றை வருடிவிட்டுக் கையை முகர்ந்தால் பச்சை வாசனை வரும்.

## 10. தண்ணீர்

முளைத்த பிறகு மேலிருந்து தெளிப்பதைக் குறையுங்கள். தாம்பாளத்தில் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி, கப்புகளை 20 நிமிடம் உட்கார வைத்து எடுங்கள். அடி ஓட்டை வழியாகத் தேவையானதை அவை உறிஞ்சிக்கொள்ளும். வேர் கீழ்நோக்கி இறங்கும். தண்டைச் சுற்றி மேற்பரப்பு காய்ந்தே இருப்பதால் பூஞ்சணத்துக்கு இடம் குறையும். மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

எப்போது ஊற்றுவது? தூக்கிப் பார்ப்பதுதான் வழி. நனைத்தவுடன் ஒரு கப்பைத் தூக்கி அந்தக் கனத்தை நினைவில் வையுங்கள். காற்றைப் போல லேசாகத் தோன்றும் நாளில் மறுபடி நனைத்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். காலையில் ஊற்றினால் இரவுக்குள் ஈரம் அடங்கும்.

## 11. கப்பு மாற்றுவதும் உரமும்

பெரிய கப்பில் விதைத்திருந்தால் மாற்றும் வேலை இல்லை. குழித்தட்டிலோ ஒரே தட்டில் நெருக்கமாகவோ விதைத்திருந்தால், விதையிலைக்கு அடுத்து வரும் முதல் உண்மை இலை விரிந்ததும் தனிக் கப்புக்கு மாற்றுங்கள். ஸ்பூன் காம்பால் அடியிலிருந்து நெம்பி, விதையிலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். தண்டைப் பிடிக்காதீர்கள். இலை கிழிந்தால் வேறு இலை வரும், நசுங்கிய தண்டுக்கு மாற்று இல்லை. நெட்டையான தக்காளியை விதையிலை வரை புதைக்கலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். கத்தரியையும் மிளகாயையும் முன்பு இருந்த ஆழத்திலேயே வையுங்கள்.

இரண்டு மூன்று வாரம் வரை கலவையில் உள்ள உரமே போதும். கீழ் இலைகள் வெளிற ஆரம்பித்தால் திரவ உரத்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்காகக் கரைத்து வாரம் ஒருமுறை கொடுங்கள். தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமானால் அவசரப்பட்டு உரம் போட வேண்டாம். குளிரில் வேர் பாஸ்பரஸை எடுக்க முடியாததால் வருவது அது, இடம் சூடானால் தானே மாறும்.

## 12. வெளிக்காற்றுக்குப் பழக்குதல்

நடுவதற்கு 7 முதல் 10 நாள் முன்பே தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் வெளியே நிழலில் சில மணி நேரம், பிறகு காலை வெயில், பிறகு அரை நாள், கடைசி இரண்டு நாள் இரவும் வெளியிலேயே. தண்ணீரைச் சற்றுக் குறைத்துக் கொடுங்கள், வாட விடாதீர்கள். இந்த நாட்களில்தான் இலையின் மேல்தோல் தடித்து, வெயிலையும் காற்றையும் தாங்கப் பழகும். இதை விட்டுவிட்டு நேராக நட்டால் இரண்டே நாளில் இலை வெள்ளைத் திட்டாகக் காய்ந்துவிடும்.

## 13. நடுதல்

தக்காளியும் கத்தரியும் நாலைந்து உண்மை இலைகளோடு, பென்சில் முனை போல உறுதியான தண்டோடு இருந்தால் தயார். நடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு கப்பை நனைத்துவிடுங்கள், ஈரமான வேர்க்கட்டி உடையாது. கப்பைக் கவிழ்த்து, தண்டை இரு விரலுக்கு நடுவில் விட்டு, அடியைத் தட்டினால் மொத்தமாகக் கழன்று வரும்.

மாலையில் நடுங்கள். இரவு முழுவதும் வேருக்கு ஓய்வு கிடைக்கும். நட்டதும் நன்றாகத் தண்ணீர் விட்டு, முதல் மூன்று நாள் மதிய வெயிலுக்கு ஏதாவது மறைப்பு கொடுங்கள்.

## 14. பெட்டியைக் கழுவுதல்

காலியான பெட்டியையும் கப்புகளையும் சோப்புப் போட்டுத் தேய்த்து மண் துகள் இல்லாமல் கழுவுங்கள். பிறகு 1 பங்கு வீட்டு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊற வைத்து, அலசி, வெயிலில் காய வையுங்கள். நாற்றழுகல் வந்த பெட்டியானால் பழைய கலவையை மறுபடி விதைப்புக்கு எடுக்காதீர்கள். மேல் ஓட்டைகளுக்குப் புது டேப் ஒட்டி வைத்தால் அடுத்த விதைப்புக்குப் பெட்டி தயார்.